அச்ச மதிப்பீட்டுத் துறையில் ஒரு பாதிச் சவரம்

அரசாங்கங்கள் எதையெதையோ அளக்கின்றன. மழையை அளக்கின்றன, பாலில் கலந்த தண்ணீரை அளக்கின்றன, போலீஸில் சேர வருபவனின் மார்பை அளக்கின்றன. எங்கள் ஊரில் பயத்தை அளப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. அச்ச மதிப்பீட்டுத் துறை என்று பெயர். உயிருக்குப் பயந்து வேறு நாட்டிலிருந்து ஓடிவந்து, இங்கே இருந்துகொள்ளலாமா என்று கேட்பவர்கள் அங்கே போய்த் தாங்கள் நிஜமாகவே பயந்திருக்கிறோம் என்று காட்ட வேண்டும். காட்டிவிட்டால் இருக்கலாம். காட்டத் தெரியாவிட்டால் விமானத்தில் ஏற்றி, எதற்குப் பயந்து வந்தார்களோ அதனிடமே பத்திரமாகத் திருப்பி ஒப்படைத்துவிடுவார்கள். இதைவிட நேர்மையான ஏற்பாடு உலகத்திலேயே கிடையாது என்று துறையின் இயக்குநர் வானொலியில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு முடி வெட்டும் சலூன்காரர் இந்தத் துறையிடம் மாட்டிக்கொண்ட கதைதான் இது. கொஞ்சம் என் கண்ணால் பார்த்தது. மீதி, என் தலையைக் குனியவைத்துப் பிடரியில் மெஷினை ஓட்டியபடி அவர் சொன்னது. அந்த நிலையில் இருப்பவன் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. ஆகவே அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

சலூன்காரருக்கு ஒரு கோளாறு. பயம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். உதட்டோரத்தில் வந்து போகிற சிரிப்பு இல்லை. தோள் குலுங்கி, கண்ணில் நீர் முட்டி, பக்கத்தில் இருப்பவனையும் தொற்றிக்கொள்கிற சிரிப்பு. மனைவிக்குப் பிரசவ வலி எடுத்து உள்ளே கொண்டுபோனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். நர்ஸ் வந்து, "வெக்கமா இல்ல உங்களுக்கு? உள்ள ஒரு உசுரு துடிக்குது" என்று வெளியே தள்ளிவிட்டாளாம். பெண் குழந்தை, இருவரும் நலம் என்று அதே நர்ஸ் கொஞ்ச நேரத்தில் வந்து சொன்னதும் சிரிப்பு பட்டென்று நின்றுவிட்டது. முகம் தொங்கிப்போய், உம்மென்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "பொண்ணுன்னதும் மூஞ்சியப் பாரு" என்று அதற்கும் திட்டு வாங்கினார். மனுஷனுக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான். அவருக்கு உள்ளே வயரிங் மாறிக் கிடக்கிறது. மனைவி ஒருத்திக்குத்தான் அது விளங்கும்.

சொந்த நாட்டில் பஸ் நிலையத்துக்கு எதிரே அவருக்குக் கடை இருந்தது. ஒருநாள் காலை ஒரு வாத்தியார் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது, மறு கன்னத்தில் நுரை. சீருடைக்காரர்கள் உள்ளே வந்து, கழுத்தில் கட்டிய துணியோடு வாத்தியாரை நாற்காலியிலிருந்து இழுத்தார்கள். சலூன்காரர் கத்தியைப் பிடித்தபடி நின்று சிரித்தார். அவர்களில் பெரியவன் திரும்பி, "யாரைப் பாத்துடா சிரிக்கிறே?" என்றான். இவருக்குச் சிரிப்பு இன்னும் அதிகமானது. அன்று சாயங்காலம் கடை எரிந்தது. மறுநாள் தெருத்தெருவாக, "அந்தச் சிரிச்சவன் வீடு எது?" என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு இவர் கிளம்பிவிட்டார். வாத்தியார் திரும்பி வரவே இல்லை.

"இத்தனை வருஷத் தொழில்ல பாதியில விட்ட சவரம் அது ஒண்ணுதாங்க," என்பார் என்னிடம். அதைச் சொல்லும்போதெல்லாம் கத்தரி ஒரு நிமிடம் நின்று, மறுபடி ஓடும்.

இவ்வளவு தூரம் ஓடிவந்தவர் பயந்திருக்கிறார் என்பதற்கு வேறென்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அப்படிக் கேட்பவர்களைத் துறை வேலைக்கு எடுப்பதில்லை.

துறையின் காத்திருப்புக் கூடத்தில் நாற்காலிகளைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள். நாட்டைவிட்டு ஓடிவந்தவன் நாற்காலியோடு ஓடிவிடக் கூடாதே. சுவரில், உங்கள் பயம், எங்கள் அக்கறை என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. டோக்கன் எண் கூப்பிட்டதும் உள்ளே போனால் ஒரு மேஜை, அதன்மேல் டிஷ்யூப் பெட்டி, பின்னால் ஓர் அதிகாரி. மனுதாரர் எத்தனை டிஷ்யூ உருவுகிறார் என்பதையும் குறித்துக்கொள்வார்கள். அந்த அதிகாரி ஆளை நிமிர்ந்து பார்ப்பதே, காய்ச்சல் எவ்வளவு என்று பார்ப்பதுபோல் இருக்கும். அதனால் வரிசையில் நிற்பவர்கள் அவருக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். மழமழவென்று சவரம் செய்த முகம். சலூன்காரர் முதலில் கவனித்தது அதைத்தான்.

"சொல்லுங்க. திரும்பிப் போனா என்ன ஆகும்?" என்றார் தெர்மாமீட்டர்.

"கொன்னுடுவாங்க சார்," என்றார் சலூன்காரர். சொல்லி முடிப்பதற்குள் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"பயம் சார்."

"பயத்துக்கு யாராவது சிரிப்பாங்களா?"

"நான் சிரிப்பேன் சார்," என்று சொல்லி, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தெர்மாமீட்டர் பொறுமையானவர். கையேட்டை எடுத்துப் புரட்டினார். "இங்க பாருங்க. பயத்துக்கு ஒரு பக்கம் முழுக்க அறிகுறி போட்டிருக்கோம். நடுக்கம், வியர்வை, நாக்கு ஒட்டிக்கிறது, பார்வை ஒரு இடத்துல நிக்காதது. சிரிப்பு இதுல இல்ல. சிரிப்பு வேற பக்கத்துல இருக்கு. அது சுற்றுலாப் பயணிங்களுக்கானது."

"கடைய எரிச்சாங்க சார். வாத்தியாரை இழுத்துட்டுப் போனாங்க." கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. ஒரு டிஷ்யூ எடுத்துத் துடைத்துக்கொண்டார். எதற்கு எடுத்தார் என்ற இடத்தில், சிரித்ததால் வந்த கண்ணீர் என்று தெர்மாமீட்டர் எழுதிக்கொண்டார்.

அடுத்து மனைவியைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா ஒரு சலவை நிலையத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கிறவர். எதையும் மடித்து வைத்ததுபோல் ஒழுங்காகப் பேசுவார். "ராத்திரி தூக்கத்துலயும் சிரிப்பாருங்க. சத்தம் கேட்டதும் நான் எழுந்து உக்காந்து கையப் பிடிச்சுக்குவேன். விடியற வரைக்கும் சில நாள்" என்றார். குடும்பத்தினர் இரவிலும் மகிழ்ச்சியாக இருக்கின்றனர் என்று பதிவானது.

தீர்ப்பு வந்தது. மனுதாரர் கொலை, தீவைப்பு ஆகியவற்றை நினைவுகூர்ந்து மனம்விட்டுச் சிரித்தார் என்றும், தாய்நாட்டைப் பற்றி இவ்வளவு இனிய நினைவுகள் உள்ளவரை அதனிடமிருந்து பிரித்து வைப்பது மனிதாபிமானம் ஆகாது என்றும் எழுதியிருந்தார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் வக்கீலம்மா வந்தார். புகல் தேடி வந்தவர்களுக்காகக் காசு வாங்காமல் வாதாடுகிறவர். இப்படிப்பட்டவர்கள் எப்போதும் கோபமாக, கையை உயர்த்திக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இந்த அம்மாவுக்குக் கோபப்பட நேரமே இல்லை. கோட் பையிலிருந்து பிஸ்கட்டை உடைத்துத் தின்றபடியே ஃபைல் படிப்பார், பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவார். தீர்ப்பைப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்காங்க. அழகான நடை. மேல்முறையீடு பண்ணலாம்" என்றார்.

மேல்முறையீட்டுக்கு முன்னால் அச்ச வெளிப்பாட்டுப் பயிற்சி முகாமில் கலந்துகொள்ள வேண்டும் என்பது விதி. பயம் இருந்தும் அதைக் காட்டத் தெரியாதவர்களுக்காகத் துறையே பெருந்தன்மையோடு நடத்துவது. முன்பு மேடை நாடகங்களில் வில்லன் வேஷம் போட்டவர் பயிற்சியாளர். வரிசையாகக் கண்ணாடிகள் மாட்டிய கூடம். சலூன்காரருக்கு அந்த இடம் மட்டும் பிடித்திருந்தது.

அங்கே ஒரு மீனவர் இருந்தார். நேர்காணலில் தேம்பித் தேம்பி அழுதவர். ஒத்திகை பார்த்து வந்திருக்கிறார் என்று அவரை நிராகரித்திருந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரம்மா. தன் வீட்டில் நடந்ததை முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொல்லி முடித்தவர். பாதிப்பே இல்லை என்று அவரையும் நிராகரித்திருந்தார்கள். "அழுதா நடிப்பு, அழலன்னா கல்லு, சிரிச்சா சந்தோஷம். பின்ன என்னதாங்க பண்றது?" என்று கேட்டார் சலூன்காரர். பயிற்சியாளர் இதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார்.

"அளவா பயப்படணும்," என்றார். "அதிகாரி ஒரு டிஷ்யூவ நீட்டறாரு. நீங்க அதை வாங்கி, கசக்கணும். துடைக்கக் கூடாது. எங்க, பாம்பு ஒண்ணு எதிர்ல வருதுன்னு நெனச்சுக்குங்க."

தையல்காரம்மா மெதுவாகச் சொன்னார், "பாம்புக்கெல்லாம் எனக்குப் பயம் கிடையாது தம்பி. அது பாட்டுக்குப் போயிடும்." அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். சலூன்காரர் பாம்பைக் கவனமாக நினைத்துப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, பயமும் வரவில்லை. பிறகு பாம்பை எடுத்துவிட்டு இயக்குநரை வைத்துப் பார்த்தார். உடனே சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பைக் குலைத்ததற்காக வெளியே நிற்கவைத்தார்கள்.

மேல்முறையீட்டு நாளுக்கு முன்னால் வீட்டில் அவருக்குத் தனியாக ஒரு பயிற்சி நடந்தது. நடத்தியது மகள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பாள்.

"அப்பா, வாய் நிறையத் தண்ணி வெச்சுக்குங்க. வாயில தண்ணி இருந்தா சிரிக்க முடியாது. எங்க மிஸ் பாட்டு வகுப்புல எங்களுக்கு இதைத்தான் செய்யச் சொல்வாங்க."

"கேள்வி கேட்டா எப்படிம்மா பதில் சொல்றது?"

"தலைய ஆட்டுங்க. வக்கீல் ஆன்ட்டி பேசிப்பாங்க." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அவங்க ஒத்துக்கலன்னா நாம போயிடணும்ல? என் ஸ்கூல் பையை எடுத்துட்டுப் போலாமா, இல்ல அது இங்கயே இருக்கணுமா?" என்று கேட்டாள்.

இவர் சிரித்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். அந்தப் பெண்ணுக்கு அன்றுதான் அப்பாவின் சிரிப்பு என்னவென்று புரிந்ததாக அவளுடைய அம்மா என்னிடம் சொன்னார்.

மேல்முறையீட்டை விசாரித்தது இயக்குநரே. அவர் அறையில் கால் புதையும் கம்பளம். எதிரே நிற்பவரின் காலடிச் சத்தம் கேட்டு இயக்குநரின் சிந்தனை கலையாமல் இருப்பதற்காகப் போட்டது. வாயில் தண்ணீரோடு சலூன்காரர் நின்றார். இயக்குநர் பேசினார்.

"நாங்க பயத்தை எவ்வளவு மதிக்கிறோம்னு வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியாது. தங்கத்தை எல்லாருக்கும் வாரிக் குடுத்தா தங்கத்துக்கு மதிப்பு இருக்குமா? அதே மாதிரிதான். வந்தவங்க எல்லாருக்கும் பயம் இருக்குன்னு ஒத்துக்கிட்டா, பயத்துக்கு என்ன மரியாதை? நான் பொறுப்புக்கு வந்தப்புறம் இந்த நாட்டுல பயந்தவங்க எண்ணிக்கை பாதியாக் குறைஞ்சிருக்கு. பயமே இல்லாத உலகம், அதுதான் என் கனவு. ஒவ்வொருத்தரா நிராகரிச்சுத்தான் அங்க போய்ச் சேரணும்." இந்த இடத்தில் அவருக்கே குரல் தழுதழுத்தது. டிஷ்யூ எடுத்து, முறைப்படி கசக்கினார். பிறகு சலூன்காரரைப் பார்த்து, "அடுத்த வாரமே நீங்க ஊருக்குக் கிளம்பலாம்னா எப்படி இருக்கும் உங்களுக்கு?" என்றார்.

சலூன்காரர் கன்னம் உப்ப நின்றார். கண் பிதுங்கியது. வக்கீலம்மா நிலைமையைப் புரிந்துகொண்டு ஓரடி விலகிக்கொண்டார். தண்ணீர் மேஜை, ஃபைல், இயக்குநரின் சட்டை என்று பாரபட்சம் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

இயக்குநர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சந்தோஷத்தை அடக்க முடியல போலிருக்கு" என்றார். வக்கீலம்மா விடவில்லை. ஒரு மனிதர் எப்படிப் பயப்படுகிறார் என்பதை அலுவலகத்துக்குள் பார்த்தால் போதாது, அவர் வாழ்கிற இடத்தில் பார்க்க வேண்டும் என்று துறையின் விதியிலேயே இருக்கிறதே என்று எடுத்துக்காட்டினார். விதி என்றால் இயக்குநருக்கு மரியாதை உண்டு. மாறுவேடத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி தெர்மாமீட்டரை அனுப்பினார்.

அன்று நான் சலூனில்தான் இருந்தேன். என் முறைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்து, அட்டை கிழிந்த ஒரு பழைய வாரப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தேன். இங்கே சலூன்காரரை வேலைக்கு வைத்திருந்த கடை முதலாளி கல்லாவில் காது குடைந்துகொண்டிருந்தார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மழை இல்லாத நாளில் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு ஒருவர் வந்து, "சவரம்" என்று மட்டும் சொன்னார். மாறுவேடம் போட்ட அரசு அதிகாரியைப்போலவே இருந்தார். ஆனால் வாடிக்கையாளரை ஏற இறங்கப் பார்க்கிற வழக்கம் சலூன்காரருக்குக் கிடையாது. துணியைக் கட்டி, நாற்காலியைச் சாய்த்து, பிரஷ்ஷால் நுரை தேய்த்து, ஒரு கன்னத்தை முடித்தார். கழுத்துக்கு வந்தார்.

"சொந்த ஊர் ஞாபகம் எல்லாம் வருமா?" என்று கேட்டது நுரைக்குள்ளிருந்து குரல். "திரும்பிப் போற யோசனை ஏதாவது?"

சலூன்காரர் கை நின்றது. கறுப்புக் கண்ணாடியை மெல்லக் கழற்றிப் பார்த்தார். தெர்மாமீட்டர்.

சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. தோள் குலுங்கியது, தோளோடு கை, கையோடு கத்தி. கத்தி தெர்மாமீட்டரின் குரல்வளைக்கு நேரே குலுங்கியது. தொழில் தெரிந்த கை, தோலைத் தொடாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டது. ஆனால் மல்லாந்து கிடப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

"எ... எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"பயமா இருக்கு சார்!"

"உங்களுக்கா?" என்றார் தெர்மாமீட்டர். அந்த மனிதருக்குக் குரல் கீச்சென்று வந்தது. பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. அவர் வாய் கோணி, "ஹெ... ஹெஹெ" என்று ஒரு சத்தம் வந்தது. தெர்மாமீட்டர் சிரித்தார். வயிறு துணிக்குள் எழும்பி எழும்பி அடங்கியது.

"நீங்க ஏன் சார் சிரிக்கிறீங்க?"

"தெரியல... நிறுத்த முடியல... கத்தி... ஹெஹெ... கத்திய எடுங்க!"

ஏதோ பெரிய ஜோக் என்று முதலாளியும் சிரிக்க ஆரம்பித்தார். தொற்றிக்கொள்கிற சிரிப்பு என்று முன்பே சொன்னேன் அல்லவா, நானும் சிரித்தேன். தெர்மாமீட்டர் துள்ளி எழுந்து, கழுத்தில் வெள்ளைத் துணி பறக்க, ஒரு பக்கம் மழமழ, மறுபக்கம் நுரை என்று கடைத்தெரு வழியாக ஓடினார். சலூன்காரருக்குச் சிரிப்பு நிற்க நெடுநேரம் ஆனது. முதலாளி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக் குடிக்கக்கூட முடியவில்லை.

அன்று சாயங்காலமே தெர்மாமீட்டர் துறையில் மனுக் கொடுத்தார். இந்த ஊரில் வேலை பார்க்கத் தமக்குப் பயமாக இருப்பதாகவும், குடும்பத்தோடு பாதுகாப்பான வேறு ஊருக்கு மாற்ற வேண்டும் என்றும். ஊழியர்கள் விஷயத்தில் துறை இளகிய மனம் படைத்தது. சொன்னாலே போதும். டிஷ்யூப் பெட்டியைக்கூட யாரும் நகர்த்தி வைக்கவில்லை. கடலோரத்தில் ஒரு பங்களாவும் பார்த்துவிட்டார்கள். சம்பிரதாயத்துக்கு ஒரு விசாரணை மட்டும் பாக்கி. அதுவரை ஆதாரத்தைக் கலைக்கக் கூடாது என்று உத்தரவு. ஆதாரம் என்பது அவருடைய முகம். சவரம் ஆகாத கன்னத்தில் தாடி வளர்ந்தது. சவரம் ஆன கன்னம் அன்று இருந்தபடியே இருக்க வேண்டும் என்பதால் அதை மட்டும் தினமும் காலையில் மழித்துக்கொண்டார். பாதித் தாடியோடு நேர்காணல் நடத்தினார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குச் சிரிப்பு வந்து, அதனாலேயே நிராகரிக்கப்பட்டார்கள் என்று கேள்வி.

சலூன்காரருக்கு நாட்டைவிட்டுக் கிளம்பும்படி உத்தரவு வந்தது. இன்ன நாள் காலையில் வண்டி வரும், ஆளுக்கு ஒரு பெட்டி.

"கத்தியக் காட்டி மிரட்டினதா ஏன் எழுதல?" என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். அவரும் அப்போதெல்லாம் அந்தச் சலூனுக்கே வந்து ஃபைல் படித்துக்கொண்டிருந்தார்.

"மிரட்டல்னு எழுதினா போலீஸ் கேஸ். போலீஸ் கேஸ் இருந்தா நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. அதனால ஜாக்கிரதையா வெறும் பயம்னு எழுதியிருக்காங்க," என்றார். பிஸ்கட் பாதியில் நின்றது. ஃபைலை மறுபடி புரட்டினார். "ஆனா பயத்துக்கு ஒரு நேரடிச் சாட்சி வேணுமே. நீங்களும் முதலாளியும் சிரிச்சதால நடுநிலை இல்லன்னு தள்ளிட்டாங்க. மிச்சம், கத்தியப் பிடிச்சிருந்தவர் ஒருத்தர்தான் இருக்காரு. அவரும் சிரிச்சவர்தான், ஆனா வேற ஆள் இல்ல." அந்த அம்மா முகத்தில் முதல்முறையாக ஒரு சுறுசுறுப்பைப் பார்த்தேன். "அதிகாரி சம்பந்தப்பட்ட விசாரணையில சாட்சி சொல்றவரை, அது முடியற வரைக்கும் அனுப்பக் கூடாது. அவங்க விதிதான்."

ஆக, அதிகாரி பயந்தார் என்று சொல்வதற்காகச் சலூன்காரர் நாட்டில் நிறுத்திவைக்கப்பட்டார். விசாரணை முடிந்த கையோடு ஏற்றிக்கொண்டு போக வண்டி அலுவலக வாசலிலேயே நின்றது. தாழ்வாரத்துப் பெஞ்சில் மனைவியும் மகளும் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, "எல்லாம் சரியாயிடும்" என்றேன். எனக்கே அது சகிக்கவில்லை. உள்ளே நடந்ததை வக்கீலம்மா சொல்லித்தான் எழுதுகிறேன்.

இயக்குநர் கேட்டார், "எங்க அதிகாரி நிஜமாவே பயந்தாரா?"

"பயந்தாருங்க."

"எப்படித் தெரியும்?"

"சிரிச்சாருங்க," என்றார் சலூன்காரர்.

வக்கீலம்மா எழுந்தார். "அப்போ சிரிப்பு பயத்தோட அறிகுறிதான்னு துறை ஒத்துக்குதா?"

"ஊழியர்களைப் பொறுத்தவரைக்கும்," என்றார் இயக்குநர். "எங்க ஊழியர் சிரிச்சா அதுக்குப் பின்னாடி ஒரு படிப்பு இருக்கு, ஒரு பதவி இருக்கு. காரணம் இல்லாம அவர் சிரிக்க மாட்டாரு. மத்தவங்க சிரிக்கிறது வேற. அவங்களுக்கு என்ன கவலை?" அவர் மனதில் பட்டதை மறைத்துப் பேசுகிறவர் இல்லை. "எதுக்கும் சந்தேகம் வேண்டாம். நடந்ததை நடந்தபடியே செஞ்சு காட்டட்டும். இந்தத் தடவையும் இவர் சிரிச்சார்னா, இவர் சந்தோஷமான ஆளுன்னு முடிவா எழுதிடலாம். கீழ வண்டி இருக்கு."

நாற்காலி வந்தது, கண்ணாடி வந்தது, துணி, பிரஷ், கத்தி எல்லாம் வந்தன. தெர்மாமீட்டர் உட்கார்ந்தார். சலூன்காரர் தாடியைக் கத்தரியால் குறைத்துவிட்டு, நுரை போட்டார். கத்தியை விரித்தார். சிரிப்பு நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டதாம். இயக்குநர் பேனாவைத் திறந்துகொண்டார்.

அப்போது சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது, மறு கன்னத்தில் நுரை. துணிக்கு மேலே ஒரு முகம், கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதடு துடிக்க. நாற்காலிக் கையைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. இந்த முகத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார், பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில்.

வந்த சிரிப்பு வந்த வழியே இறங்கியது. இடது கையைத் தெர்மாமீட்டரின் உச்சந்தலையில் மெல்ல வைத்தார்.

"பயப்படாதீங்க சார். முடிச்சுடறேன்."

பயத்துக்கென்றே நடத்தப்படும் அந்த அலுவலகத்தில் அந்த வார்த்தையை அதற்கு முன் யாரும் யாரிடமும் சொன்னதில்லையாம். தெர்மாமீட்டர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். விரல்கள் மெல்லத் தளர்ந்தன. சலூன்காரர் அவசரப்படவில்லை. காதோரத்திலிருந்து தாடை வரை, தாடையிலிருந்து கழுத்து வரை. ஈரத்துணியால் துடைத்தார், படிகாரக் கல்லைத் தேய்த்தார், இரண்டு கன்னத்தையும் புறங்கையால் தடவிச் சரிபார்த்தார். இத்தனை நாள் கழித்து அது முடிந்தது. அவருக்கு மனசுக்குள் என்னவோ இறங்கி, லேசாகிவிட்டது. முகம் தொங்கியது. உம்மென்று, கண் கலங்க, கத்தியை மடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா!" என்று இயக்குநர் எழுந்தே விட்டார். "இந்த மூஞ்சிய இத்தனை நாள் எங்க வெச்சிருந்தாரு? இதுதான் பயம். நம்ம பயிற்சி முகாம் வேலை செய்யுது! என்ன சொல்றீங்க?" என்று தெர்மாமீட்டரிடம் கேட்டார்.

தெர்மாமீட்டர் கண்ணாடியில் சலூன்காரரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆட்களின் முகத்தைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர், அன்றுதான் ஒரு முகத்தைச் சரியாகப் பார்த்தார் என்று நான் நினைக்கிறேன்.

"ஆமா சார்," என்றார். "நல்ல பயம்."

மனுதாரரிடம் முறையான அச்சம் காணப்பட்டதால், குடும்பத்துடன் நிரந்தரமாகத் தங்கலாம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார் இயக்குநர்.

சலூன்காரர் வெளியே வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. தாழ்வாரத்தில் டோக்கனோடு நின்றவர்கள் அவரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அந்த மீனவர் எழுந்து வந்து தோளில் தட்டி, "மனசு விட்டுடாதீங்க அண்ணே" என்றார். மகள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி எழுந்து, "அப்பா?" என்றாள்.

மனைவி மட்டும் அசையாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொங்கிய கன்னத்தை, உம்மென்ற வாயை, கலங்கிய கண்ணை. அந்த முகம் அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த முகம்.

"பெட்டியத் தொறடி," என்று மகளிடம் சொன்னார். குரல் உடைந்துவிட்டது. "உன் ஸ்கூல் பைய வெளிய எடு."